அப்பா சொன்ன பாவமும் நான் சொன்ன பாவமும்

என் அப்பாவின் கடைசிப் பாவசங்கீர்த்தனத்தை நான்தான் மொழிபெயர்த்தேன். அதில் கேட்டதை வெளியே சொல்லக்கூடாது என்பது திருச்சபைச் சட்டம். கேட்கிற சாமியாருக்கு மட்டுமல்ல, நடுவில் நின்று மொழிபெயர்க்கிறவனுக்கும் அந்தக் கட்டுப்பாடு உண்டு. உனக்குத்தான் நம்பிக்கையே இல்லையே, உனக்கு என்ன சட்டம் என்று நீங்கள் கேட்கலாம். அப்படியென்றால் இரண்டு வருடமாக ஏன் வாயைத் திறக்கவில்லை என்றும் சேர்த்துக் கேளுங்கள்.

அப்பா பெயர் சூசைமாணிக்கம். திண்டுக்கல் பக்கத்திலிருந்து 1968இல் செகந்திராபாத்துக்கு வந்து ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராகச் சேர்ந்தார். ஓய்வு பெற்ற பிறகு திருமுல்கேரியில் சின்னதாக ஒரு வீடு வாங்கிக்கொண்டு, அவரும் என் அம்மா லூர்துமேரியும் அங்கே இருந்தார்கள். எங்கள் கோயில் பங்கில் அப்பாவைத் தெரியாத தமிழ்க் குடும்பம் இல்லை. மரியாயின் சேனை என்ற பக்தர் சபைக்கு இருபது வருடத் தலைவர். யாராவது சாகக்கிடக்கிறார்கள் என்று காதில் விழுந்தால் போதும், சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு சைக்கிளை எடுத்துவிடுவார். நோயாளியின் கட்டிலில் உட்கார்ந்து, கையைப் பிடித்து, பயத்தைப் போக்கி, பாவசங்கீர்த்தனத்துக்கு மனதைத் தயார்செய்து, சாமியாரைக் கூட்டிவந்து அவஸ்தை என்கிற கடைசித் தைலத்தைப் பூசவைத்துவிட்டுத்தான் வீடு திரும்புவார். நல்ல மரணம் வேண்டுமா, சூசைமாணிக்கத்தைக் கூப்பிடு என்று ஒர்க்‌ஷாப் காலனியில் சாதாரணமாகவே பேசிக்கொள்வார்கள்.

அப்படிப்பட்டவருக்கு மகனாகப் பிறந்தவன் நான், பெலிக்ஸ். எனக்கு விசுவாசம் எந்த வருடம் போனது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. குடையை எந்த பஸ்ஸில் விட்டோம் என்று தெரியாமல் நிற்பவனின் கதைதான். 1998இல் மாதாப்பூரில் முதல் வேலையில் சேர்ந்தபோது மேசை டிராயரில் ஒரு செபமாலை இருந்தது. மூன்று கம்பெனி மாறியபோது அது எங்கோ நின்றுவிட்டது. யாரும் என்னைத் தடுக்கவில்லை, யாரும் கேலி செய்யவில்லை. ஆயுத பூஜை அன்று என் டீமில் இருந்த கணேஷ்குமார் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் குங்குமம் வைப்பான், நானும் நின்று சுண்டல் தின்பேன். டிசம்பரில் ரிசப்ஷனில் பிளாஸ்டிக் மரம் நிற்கும், அதன் கீழும் நின்று கேக் தின்பேன். இரண்டுக்கும் எனக்குள் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை என்பதை ஒரு வருடம் கேக் வாயில் இருக்கும்போதே கவனித்தேன். பெரிய அதிர்ச்சியெல்லாம் இல்லை. இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டேன்.

ஆனாலும் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போனேன், அப்பாவுக்காக. கொண்டாப்பூரில் இருக்கும் எங்கள் ஃபிளாட்டிலிருந்து மனைவி சௌம்யாவையும் மகள் நீலாவையும் ஏற்றிக்கொண்டு திருமுல்கேரிக்கு வண்டியை விடுவேன். சௌம்யா கோயம்புத்தூர்க்காரி, இந்து. அவள் பிள்ளையாரையும் கும்பிடுவாள், மாதாவுக்கு மெழுகுவர்த்தியும் ஏற்றுவாள், இரண்டையும் மனதாரச் செய்வாள். அந்தக் குடும்பத்தில் ஒன்றுமே செய்யாதவன் நான் மட்டும்தான் என்று பல வருடம் நினைத்திருந்தேன்.

பூசையில் அப்பாவின் வலப்பக்கம் நிற்பேன். அவர் உதடுகளை ஓரக்கண்ணால் பார்த்து என் உதடுகளை அசைப்பேன். இது சின்ன வயதில் கண்டுபிடித்த வழி. ஸ்கூலில் தெலுங்கும் இங்கிலீஷும் படித்தவனுக்குத் தமிழ்ச் செபம் எங்கிருந்து வரும்? அப்பா ஒருநாளும் கண்டுபிடிக்கவில்லை. நாற்பது வயதை நெருங்கும்போதும் அதே வித்தை பலித்தது. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அவர் முகத்தில் ஒரு திருப்தி இருக்கும், அது போதும் என்று விட்டுவிட்டேன்.

2011 தவக்காலத்தில் அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்தது. வலது கை விழுந்துவிட்டது, வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. செகந்திராபாத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மூன்றாம் நாள் பேச்சு வந்தது, ஒவ்வொரு வார்த்தையாக. ஆனால் தமிழ் மட்டும்தான் வந்தது. நாற்பது வருடம் ஒர்க்‌ஷாப்பில் தெலுங்கில் சண்டை போட்டு, உருதுவில் டீ சொல்லி, இரண்டிலும் ஜோக்கடித்த மனுஷன், நர்ஸ் "மாத்திரை போட்டுக்கொள்ளுங்கள்" என்று தெலுங்கில் சொன்னால் திருதிருவென்று என்னைப் பார்த்தார். சிலருக்குப் பின்னால் கற்றது முதலில் போய்விடும், தாய்மொழி மட்டும் மிஞ்சும் என்று டாக்டர் விளக்கினார். அம்மாவுக்கு அது புரியவே இல்லை.

"எதுக்குடா இப்படி? நேத்து வரைக்கும் பால்காரன்கிட்டத் தெலுங்குலதான பேசினாரு!" என்று என்னிடம் சண்டைக்கு வந்தாள், நான் ஏதோ அவரிடமிருந்து பிடுங்கிவிட்டதுபோல.

ஐந்தாம் நாள் காலையில் அப்பா என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

"சாமியாரக் கூட்டிட்டு வா. பாவசங்கீர்த்தனம் பண்ணணும்."

அம்மா உடனே முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நான் போன் போட ஆரம்பித்தேன். மாதத்துக்கு ஒரு தடவை எங்களுக்குத் தமிழ்ப் பூசை வைக்கிற சாமியார் ஆண்டுத் தியானத்துக்குத் தமிழ்நாட்டுக்குப் போயிருந்தார், வர இன்னும் பத்து நாள். முன்பு அந்தத் தமிழ்ப் பூசை வாராவாரம் இருந்தது. ஆள் குறையக் குறைய மாதம் ஒன்றானது. பிள்ளைகளெல்லாம் என்னைப்போல ஆகிவிட்டார்கள், அல்லது நாற்பத்தைந்து நிமிடத்தில் முடிகிற இங்கிலீஷ் பூசைக்குப் போய்விட்டார்கள். மிச்சமிருந்தது பங்குச் சாமியார் ஃபாதர் இன்னையா. குண்டூர்ப் பக்கத்துத் தெலுங்குக்காரர், முப்பத்திநாலு வயது, நன்றாக கிட்டார் வாசிப்பார், தமிழில் 'வணக்கம்' தவிர வேறு தெரியாது.

அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் யோசிக்கக்கூட இல்லை.

"அண்ணா, மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு பாவசங்கீர்த்தனம் செய்யலாம், சட்டத்தில் இடம் இருக்கிறது. நீங்கள் நில்லுங்கள். கேட்டதை மட்டும் யாரிடமும் சொல்லக்கூடாது" என்று தெலுங்கில் சொன்னார்.

அப்பாவின் பாவங்களை மகன் கேட்பதா? மொழிபெயர்க்க அம்மாவை நிறுத்தலாமா என்று நினைத்தேன். புருஷன் பாவத்தைப் பெண்டாட்டி கேட்பது அதைவிடக் கஷ்டம். சௌம்யாவுக்குத் தெலுங்கு வராது. வேறு தமிழர்களைக் கூப்பிடலாம்தான். ஆனால் அப்பா அத்தனை பேருக்கும் தலைவராக இருந்தவர். நான் அவர் காதருகில் குனிந்து விஷயத்தைச் சொன்னேன்.

"நீயாடா?" என்றார். பிறகு, "சரி. யாருட்டயாச்சும் சொல்லித்தான ஆகணும்" என்றார்.

மத்தியானம் மூன்று மணிக்கு ஃபாதர் இன்னையா வந்தார். ஜீன்ஸ், அதன்மேல் வெள்ளை அங்கி, கழுத்தில் ஊதா நிறத் துண்டு. அம்மாவையும் சௌம்யாவையும் வராந்தாவுக்கு அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன். அவர் கட்டிலுக்கு இந்தப் பக்கம் நாற்காலியில், நான் அந்தப் பக்கம் நின்றபடி. அப்பா இடது கையால் சிலுவை போட்டார். அப்புறம் சாமியாரை மட்டும் பார்த்துப் பேச ஆரம்பித்தார். என் பக்கம் திரும்பவே இல்லை.

"சாமி, மாசாமாசம் பாவசங்கீர்த்தனத்துக்கு வந்திருக்கேன். அதெல்லாம் சேத்தியில்ல. இதச் சொன்னதில்ல." மூச்சு வாங்கினார். "எனக்கு விசுவாசம் இல்ல சாமி. போயி இருவது வருசத்துக்கு மேல ஆச்சு."

நான் வாயைத் திறந்தேன். அவர் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார், இன்னும் முடியவில்லை என்று.

"ஒண்ணும் நடக்கல. சாவு கீவு எதுவும் இல்ல. ஒரு ஞாயித்துக்கெழம சாமியாரு அப்பத்தத் தூக்குற எழுந்தேற்றத்துக்கு மண்டி போட்டிருந்தேன். மணி அடிச்சுச்சு. அங்க யாருமில்லன்னு பட்டுச்சு. அம்புட்டுத்தான். அடுத்த வாரம் சரியாயிரும்னு பாத்தேன். ஆகல. அதுக்கப்புறமும் வாராவாரம் நாக்க நீட்டி நன்மை வாங்குனேன். வாய மட்டும் அசைச்சேன். சாகக்கெடக்குறவுங்ககிட்டப் போயி, பயப்படாத, ஆண்டவரு இருக்காருன்னு சொன்னேன். எத்தன பேருட்ட! அவுங்க என்னைய நம்பிச் செத்தாங்க சாமி. அதான் பெரிய பாவம்."

நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அவர் நிறுத்தவில்லை.

"எனக்கு ஒரு மகன் இருக்கான். கம்ப்யூட்டர் கம்பெனில பெரிய வேல. அம்புட்டுத் தூரத்துலருந்து வாராவாரம் பூசைக்கு வர்றான். நான் நிறுத்திட்டா அவனும் நிறுத்திருவான். அவன் விசுவாசத்த நான் கெடுத்துறக்கூடாதுல்ல. அதுக்காகத்தான் போயிட்டே இருந்தேன்."

அந்த மகன் இரண்டடி தூரத்தில் நிற்கிறான். அவனைப் பற்றி ஊரில் எங்கோ இருக்கிற ஒருவனைப்போலச் சொல்லி முடித்துவிட்டு, "சொல்லுடா" என்றார்.

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று இந்த இரண்டு வருடத்தில் ஆயிரம் தடவை யோசித்துவிட்டேன். கேட்டதைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஒரு நல்ல நர்ஸ் செய்திருப்பாள், ஒரு ஆட்டோ டிரைவர் செய்திருப்பான். ஆனால் என் தொழிலை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நான் டெலிவரி மேனேஜர். ஒவ்வொரு வாரமும் அமெரிக்காவுக்கு ஒரு அறிக்கை அனுப்புவேன். வேலை நன்றாகப் போனால் பச்சை, தடுமாறினால் மஞ்சள், நாசமாகப் போனால் சிவப்பு. பதினைந்து வருடத்தில் நான் சிவப்பு அனுப்பியது இரண்டே தடவை. மற்ற எல்லாச் சிவப்பையும் மஞ்சளாக்கி அனுப்பியிருக்கிறேன், பொய் என்று யாரும் சொல்ல முடியாத வார்த்தைகளில். அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

ஃபாதர் இன்னையா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பங்கின் தூண் என்று பிரசங்கத்தில் இரண்டு தடவை அப்பாவைச் சொன்னவர் அவர். வெளியே அம்மா செபமாலை சொல்லும் சத்தம் கேட்டது. எனக்கு அப்பாவின்மேல் ஒரு கோபம் வந்தது பாருங்கள், வாழ்க்கையில் அப்படிக் கோபம் வந்ததில்லை. இத்தனை வருடம் என்னைப் பெட்ரோல் செலவழிக்க வைத்துவிட்டு இப்போது சொல்கிறீரா? எனக்கு நீங்கள், உங்களுக்கு நான் என்று இரண்டு பேரும் எதற்காக அந்த பெஞ்சில் மண்டிபோட்டோம்? கோபத்தோடு பயமும் வந்தது, அவர் மானம் போய்விடும் என்று. இதெல்லாம் ஒரு நொடிக்குள்.

"ஃபாதர், பூசையில் கவனம் சிதறுகிறதாம். ரொம்ப வருடமாக. செபம் சொல்லும்போது வாய் மட்டும் சொல்கிறது, மனம் அங்கே இருப்பதில்லை என்கிறார்" என்று தெலுங்கில் சொன்னேன்.

"அவ்வளவுதானா? நிறையப் பேசினாரே?"

"பேசக் கஷ்டப்படுகிறார், ஃபாதர். அதையேதான் திரும்பத் திரும்பச் சொல்கிறார்."

அந்த இளைஞரின் கண் கலங்கிவிட்டது. சாகக்கிடக்கும் மனிதர் கவனச்சிதறலுக்காகத் துக்கப்படுகிறாரே என்று நெகிழ்ந்துவிட்டார். அப்பாவின் செத்துப்போன வலது கையைத் தன் இரண்டு கைகளிலும் எடுத்துக்கொண்டார்.

"பர்வாலேது, அங்கிள். இது எல்லோருக்கும் வருவதுதான். எனக்கும் வருகிறது. பூசை வைக்கும்போதே வருகிறது. கடவுள் இதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார். மூன்று அருள் நிறைந்த மந்திரம் சொல்லுங்கள், போதும்."

இதை மட்டும் ஒரு வார்த்தை பிசகாமல் அப்பாவுக்குத் தமிழில் சொன்னேன். சொல்லி முடிக்கும்போதுதான் நான் செய்த காரியம் எனக்கு உறைத்தது.

அப்பா புருவத்தைச் சுருக்கினார்.

"அம்புட்டுத்தானா?"

"ஆமாப்பா."

"நான் சொன்னத அப்படியே சொன்னியா?"

இங்கே நிறுத்தியிருக்கலாம். இல்லப்பா, தப்பாகச் சொல்லிவிட்டேன், இருங்கள் என்று ஒரு வார்த்தை. சாமியார் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார், நேரம் இருந்தது.

"சொன்னேம்ப்பா" என்றேன்.

அவர் முதல்முறையாக என் பக்கம் திரும்பினார். பிறகு சாமியாரைப் பார்த்தார். கிட்டார் வாசிக்கும் அந்தச் சின்ன வயது முகத்தை, கலங்கிய கண்களை, ரொம்ப நேரம் பார்த்தார்.

"அப்ப அவருக்கும் இல்ல போலருக்கு" என்றார்.

வாய் இழுத்திருந்ததால் அவர் சிரித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. என்ன சொல்கிறார் என்று ஃபாதர் கேட்டார். நன்றி சொல்கிறார் என்றேன். அவர் கையை உயர்த்திப் பாவமன்னிப்பு மந்திரத்தைத் தெலுங்கில் சொன்னார். அப்பாவுக்கு அதில் ஒரு சொல்கூடப் புரிந்திருக்காது. நெற்றியிலும் உள்ளங்கையிலும் தைலம் பூசும்போது அசையாமல் கிடந்தார். எத்தனையோ பேருக்கு அந்தத் தைலத்தைப் பூச வைத்தவர்.

கதவைத் திறந்ததும் அம்மா ஓடிவந்தாள்.

"நல்லாச் சொன்னாராடா?"

"நல்லாச் சொன்னாரும்மா."

"என்ன கட்டளை குடுத்தாரு சாமி?"

"மூணு அருள் நிறைந்த மந்திரம்."

"பாத்தியா, அம்புட்டு சுத்தம் எம்புருசன்!" என்று அம்மா நர்ஸுக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். கட்டில் பக்கத்தில் மண்டிபோட்டு அவரோடு சேர்ந்து சொல்ல ஆரம்பித்தாள். நான் பழக்கதோஷத்தில் அப்பாவின் உதடுகளைப் பார்த்தேன். அவை அசையவில்லை. மூன்றும் முடியும்வரை அவர் கூரையில் சுற்றுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். இனி யாருக்காகவும் அசைக்க வேண்டாம் என்று முடிவுசெய்தவர் மாதிரி இருந்தது.

சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போது தீர்மானம் பண்ணிக்கொண்டேன். நாளைக் காலையில் அம்மாவை டீ குடிக்க அனுப்பிவிட்டு அப்பாவிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். நான் மாற்றிச் சொல்லிவிட்டேன், அந்தச் சாமியாருக்கு ஒன்றும் தெரியாது, வேண்டுமானால் மறுபடி கூப்பிடலாம். அதோடு இன்னொன்று. அப்பா, எனக்கும் இல்லப்பா. உங்களுக்காகத்தான் நானும் வந்தேன். இதைக் கேட்டால் அவர் திட்டலாம், அழலாம், சிரிக்கக்கூடச் செய்யலாம். எதுவானாலும் அந்த அறையில் இரண்டு பேர் இருந்திருப்போம். காரில் இதைச் சத்தமாகவே சொல்லிப் பார்த்தேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு ஆபீஸ் போன் மீட்டிங், ஒரு ரிலீஸ் கால். தள்ளிப்போட்டிருக்கலாம், அப்பா ஆஸ்பத்திரியில் என்று சொன்னால் யாரும் மறுத்திருக்க மாட்டார்கள். அரைமணி நேரம்தானே என்று உட்கார்ந்தேன். அது பத்தரை வரை இழுத்தது. பச்சை என்று அறிக்கை அனுப்பிவிட்டு போனைப் பார்த்தால் சௌம்யாவின் அழைப்புகள் ஏழு. அப்பாவுக்கு இரண்டாவது ஸ்ட்ரோக்.

அதன்பின் ஒன்பது நாள் கிடந்தார். கண் திறக்கவில்லை. மூன்றாம் நாள் அம்மா குளிக்கப் போயிருந்தபோது அவர் காதில் வாய் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன், முதலிலிருந்து கடைசிவரை. நர்ஸ் பின்னால் வந்து நின்று, "அவருக்குக் கேட்காது சார்" என்றாள், தெலுங்கில், மரியாதையாக. இரண்டாவது தடவையும் சொன்னேன். அவர் முகத்தில் ஒரு சின்ன அசைவுகூட இல்லை.

அடக்கப்பூசைக்கு கோயில் நிறைந்துவிட்டது. எத்தனை வருடத்துக்குப் பிறகோ தமிழர்கள் அத்தனை பேரை ஒரே இடத்தில் பார்த்தேன். ஃபாதர் இன்னையா பிரசங்கத்தில் தேம்பினார். விசுவாசம் என்றால் என்ன என்று தனக்குக் காட்டியவர் இந்த மனிதர் என்றார். வாசலில் ஒவ்வொருவராக வந்து என் கையைப் பிடித்தார்கள். எங்கம்மாவுக்கு நல்ல சாவு அப்பாவாலதான் கெடச்சுச்சு, எங்க அண்ணன் கடைசி நேரத்துல பயப்படல, அப்பா பக்கத்துலயே இருந்தாரு. நான் எல்லோருக்கும் தலையாட்டினேன். அவர்களில் ஒருவரையாவது தனியாக இழுத்துக்கொண்டுபோய், அவருக்கு இறுதிவரை யாருமே பக்கத்தில் இல்லை என்று கத்த வேண்டும்போல இருந்தது.

அன்றைக்குப் பாத்ரூமில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். வெளியே வந்ததும் சௌம்யா துண்டை நீட்டினாள்.

"ஏங்க, உங்களுக்குத்தான் இதுலெல்லாம் நம்பிக்கையே இல்லீங்களே. அவருக்கு எல்லாம் முறையாத்தானே நடந்துச்சு? அப்புறம் ஏன் இப்படி?"

அவளிடமும் சொல்ல முடியவில்லை. நம்புகிறவனுக்காவது பாவத்தை இறக்கிவைக்க ஒரு இடம் இருக்கிறது. எனக்கு அந்த இடமும் போய்விட்டது, பாவம் மட்டும் எப்படியோ தங்கிவிட்டது. இதில் என்ன நியாயம் என்று யாரிடம் போய்க் கேட்பது?

அம்மா எங்கள் ஃபிளாட்டுக்கு வந்துவிட்டாள். சாப்பிடும்போது, துணி மடிக்கும்போது, திடீரென்று ஆரம்பிப்பாள். "அவரு நல்லாப் பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டுத்தான் போனாரு, இல்லடா?" நான் ஆமாம்மா என்பேன். அவள் முகம் தெளிந்துவிடும். ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது இந்தப் பொய்யைச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அவளைப் பூசைக்குக் கூட்டிப்போக வேண்டும். அதனால் இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறேன்.

இந்த வருடம் நீலாவுக்குப் புதுநன்மை, முதல்தடவை அப்பம் வாங்குகிற சடங்கு. ஒன்பது வயது. அம்மாவின் ஆசைக்காக அதைத் திருமுல்கேரியில் பழைய பங்கிலேயே வைத்தோம். முந்தைய சனிக்கிழமை பெற்றோரும் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்று ஃபாதர் இன்னையா எல்லோருக்கும் எஸ்.எம்.எஸ். அனுப்பியிருந்தார். இதுதான் சமயம் என்று எனக்குப் பட்டது. நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, அந்த மனிதரிடம் சொன்னால் போதும். அவருக்காவது தெரியட்டும், சூசைமாணிக்கம் உங்களிடம் சொன்னது வேறு என்று. அப்பாவின் வார்த்தைகளைத் தெலுங்கில் மனதுக்குள் இரண்டு நாள் அடுக்கி வைத்தேன். ஒரு வார்த்தையும் விடாமல், இந்தத் தடவை சரியாக.

வரிசையில் எனக்கு முன்னால் நான்கு பேர், எல்லோரும் போனைத் தடவிக்கொண்டு. என் முறை வந்தது. மண்டிபோட்டேன். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அவருடைய காது தெரிந்தது.

"சொல்லுங்கள்" என்றார்.

வாயைத் திறந்தேன். எனக்கு விசுவாசம் இல்லை, ஃபாதர் என்பதுதான் முதல் வரி. அதைச் சொன்னால் அடுத்தது வரும். பின்னால் வரிசையில் யாரோ இருமினார்கள். வெளியே அம்மாவும் நீலாவும் எனக்காக பெஞ்சில் காத்திருந்தார்கள்.

"பூசையில் கவனம் சிதறுகிறது, ஃபாதர்" என்றேன். "வாய் மட்டும் சொல்கிறது."

"பர்வாலேது, அண்ணா" என்றார் அவர். மிச்சம் என்ன சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரியும். கேட்டேன், எழுந்தேன், வந்துவிட்டேன்.

அம்மா நகர்ந்து இடம் கொடுத்தாள். "முடிஞ்சுதாடா? கட்டளையச் சொல்லிரு, மறந்துராத" என்றாள். நான் நீலாவின் இடப்பக்கம் மண்டிபோட்டுக் கைகூப்பி, அப்பாவின் உதடுகளைப் பார்த்துப் பார்த்தே படிந்துபோன அருள் நிறைந்த மந்திரத்தை ஆரம்பித்தேன். ஒன்று முடிந்து இரண்டாவது பாதியில் ஏதோ உறுத்தியது. திரும்பாமல் ஓரக்கண்ணால் பார்த்தேன். இங்கிலீஷிலும் தெலுங்கிலும் படிக்கிற என் மகள், தமிழ்ச் செபம் ஒன்றுகூடத் தெரியாதவள், என் உதடுகளையே பார்த்துக்கொண்டு தன் உதடுகளை அசைத்துக்கொண்டிருந்தாள்.

நான் நிறுத்தவில்லை. அவளுக்குப் பின்தொடர வசதியாகக் கொஞ்சம் நிதானமாக அசைத்தேன்.